டோபியின் பெயரால்

கார்வெல், ஒஹாயோ
14 ஜனவரி 1996

அன்புத் தங்கை ஆர்லீனுக்கு,

அண்ணன் வெண்டல் எழுதுவது. நானும் உன் அண்ணி நோரீனும் சுகமாக இருக்கிறோம். அவளுக்கு முழங்கால்தான் அவ்வப்போது மக்கர் செய்கிறது. உன் உடம்பு எப்படி? உங்கள் மிச்சிகன் பக்கம் பனி ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டதாக டிவியில் காட்டினார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் நாள் முழுக்க நிற்கிறவள் நீ. நல்ல பூட்ஸாக வாங்கிப் போட்டுக்கொள்.

நீ வீட்டில் ஃபோன் இணைப்பையே துண்டித்துவிட்டதால் எல்லாவற்றையும் எழுத வேண்டியிருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. உன் பிள்ளை டோபி போன செய்தி அதன் வழியாகத்தானே வந்தது. மணி அடித்தாலே உடம்பு உதறுகிறது என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கூரை ஓடு செய்யும் தொழிற்சாலை மூடியதிலிருந்து ஊரில் வரி வசூல் படுத்துவிட்டது. என் போலீஸ்காரர்களில் ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி நகரமன்றம் கழுத்தை நெரிக்கிறது. ஆறு பேரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். இப்போது வாஷிங்டனில் ஊர்ப் போலீஸ் துறைகளுக்கு மானியம் தருகிறார்கள். விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து எழுதுகிறேன். முப்பது வருடம் போலீஸ் தலைவனும் போலீஸ்காரனுமாக இருந்தவன் கடைசியில் குமாஸ்தா ஆகிவிட்டேன், சிரிக்காதே.

மானிய விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வந்திருந்தாள். என் புள்ளிவிவரங்களைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "சார், எல்லா ஊரும் நம்பர்தான் அனுப்புவாங்க. உங்க நம்பரைப் படிச்சா அவங்களுக்குக் கொட்டாவிதான் வரும். புள்ளைய பறிகொடுத்த ஒரு அம்மா எழுதட்டும், அப்புறம் பாருங்க" என்றாள்.

கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இரண்டாம் பக்கம் வரை இழுத்திருக்கிறேன். நீ எழுதித் தருவாயா? சும்மா கேட்கவில்லை. இந்தப் பணத்தில் ஒரு பணியிடம், கண்டுபிடிக்காமல் கிடக்கும் பழைய வழக்குகளுக்கு மட்டும் ஒரு டிடெக்டிவ். அதை விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டேன். அவர் மேசையில் முதல் வழக்கு டோபியுடையது. இது நம் அம்மா மேல் சத்தியம்.

உன் அண்ணன்,
வெண்டல்

*

காப்பர் பாயிண்ட், மிச்சிகன்
2 பிப்ரவரி 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். பூட்ஸ் வாங்கிவிட்டேன், போதுமா? அண்ணியின் முழங்காலுக்கு வெந்நீர்ப் பையை வைக்கச் சொல். ஓடாமல் உட்காரவும் சொல், கேட்கமாட்டாள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். உண்மையைச் சொல்கிறேன். என் மகன் செத்ததைக் காட்டி நீ ஆள் சம்பளம் கேட்கிறாயே என்று வயிறு எரிந்தது. சமையலறையில் என்னோடு வேலை செய்யும் ஐலியிடம் சொன்னேன். அவள் ஃபின்லாந்துக்காரர் வம்சம், வாயில் சர்க்கரை வைக்கத் தெரியாது. "உன் அண்ணன் பணமா கேட்டான்? அழுகையத்தானே கேட்டான். அதுதான் உன்கிட்ட மூட்டை மூட்டையா கிடக்கே, ரெண்டு கிலோ அள்ளிக் குடேன்" என்றாள். திட்டினேன். அப்புறம் உட்கார்ந்து எழுதினேன்.

இத்துடன் வைத்திருக்கிறேன். டோபி உங்கள் ஊர்ப் பெட்ரோல் பங்க் கல்லாவுக்கு அடியில் எலக்ட்ரீஷியன் பரீட்சைப் புத்தகத்தை ஒளித்துவைத்துப் படித்ததை எழுதியிருக்கிறேன். லாரி டிரைவர்களுக்கு மீந்த காபியை ஓசியில் ஊற்றிக் கொடுத்து முதலாளியிடம் திட்டு வாங்கியதையும் எழுதியிருக்கிறேன். பத்தொன்பது வயதுப் பையனைக் கல்லாப் பணத்துக்காகச் சுட்டுப்போட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது, சுட்டவன் எங்கேயோ காலை எழுந்து முட்டை பொரித்துத் தின்கிறான், அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறேன். இதற்கு மேல் என்னிடம் எழுத ஒன்றும் இல்லை.

அண்ணா, நீ ஒன்றைப் புரிந்துகொள். உன் ஆறு பேருக்காக நான் எழுதவில்லை. அவர்கள் நன்றாக இருக்கட்டும். நான் அந்த டிடெக்டிவுக்காக எழுதினேன்.

உன் தங்கை,
ஆர்லீன்

*

கார்வெல்
20 மே 1996

என் தங்கமே ஆர்லீன்,

சுகமா? நாங்கள் சுகம் என்பதைவிட மேலே. வந்துவிட்டது! மூன்று வருட மானியம், கேட்டதில் ஒரு டாலர் குறைக்காமல். செய்தி வந்ததும் மேயர் என் அறைக்கே ஓடிவந்து கட்டிப்பிடித்தார், சட்டையெல்லாம் அவர் சென்ட் வாசனை. நோரீன் ருபார்ப் தண்டு போட்டு இனிப்புப் பலகாரம் சுட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தாள். பயல்கள் தட்டைக்கூட நக்கிவிட்டார்கள்.

எல்லாம் உன்னால். தேர்வுக் குழுவில் ஒருத்தர் உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தாராம். முடிவதற்குள் இரண்டு பேர் எழுந்து வெளியே போய்விட்டார்களாம். விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுத்த அந்தப் பெண்ணே கூப்பிட்டுச் சொன்னாள்.

ஆறு பேருக்கும் வேலை நிலைத்தது. புதிதாக நான்கு பேர் வருகிறார்கள். இரண்டு கார், புது வயர்லெஸ். போட்டோ வைத்திருக்கிறேன், ஓரத்தில் தொப்பையோடு நிற்பவன் உன் அண்ணன்.

டிடெக்டிவ் விஷயம் என் கையில்தான் இருக்கிறது. பொறுத்தார் பூமி ஆள்வார். ஆற்றில் இந்த வருடம் மீன் நன்றாகப் படுகிறது. நீ ஒரு வாரம் வந்துவிட்டுப் போயேன்.

வெண்டல்

*

காப்பர் பாயிண்ட்
9 ஜூன் 1996

அன்புள்ள அண்ணா,

சந்தோஷம். இங்கே எல்லாம் சுகம், பள்ளிக்கூடம் விடுமுறை, கொசுதான் குருவி அளவுக்கு இருக்கிறது.

போட்டோவை ஐலிக்குக் காட்டினேன். "இதுல யாரு உன் டிடெக்டிவ்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. மீசைக்காரரா? அவர் பெயர் என்ன? பெயரை மட்டும் எழுது, போதும். அவருக்கு நானே எழுதிக்கொள்கிறேன், உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன். பால் வண்டிக்காரர் டோபி இறந்த அன்று விடியற்காலை நீல நிற ட்ரக் ஒன்று வேகமாகப் போனதைப் பார்த்தேன் என்று சொன்னாரே, அவரை யாராவது திரும்பப் போய்க் கேட்டார்களா? அவருக்கு வயதாகிறது. அவர் மறப்பதற்குள் கேட்க வேண்டும்.

வருகிறேன், ஆனால் டிடெக்டிவ் என்னிடம் பேச வேண்டும் என்று கூப்பிட்டால் வருகிறேன். மீன் பிடிக்க வரமாட்டேன்.

ஆர்லீன்

*

காப்பர் பாயிண்ட்
22 செப்டம்பர் 1996

அண்ணா,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஜூனில் எழுதினேன், ஆகஸ்ட்டில் எழுதினேன். பதில் இல்லை. என் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை வந்தது, நன்றி. "அன்புடன் வெண்டல்" என்று அண்ணியின் கையெழுத்தில் இருந்தது. அத்தனை வேலையா உனக்கு?

திட்டவேண்டும் என்று எழுதவில்லை. கெட்ட செய்தியாக இருந்தாலும் சொல். எனக்குக் கெட்ட செய்தி பழக்கம்தான். நீ பேசாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

ஆர்லீன்

*

கார்வெல்
6 ஜனவரி 1997

அன்புத் தங்கை ஆர்லீனுக்கு,

புத்தாண்டு உனக்கு நிம்மதியைத் தரட்டும். நாங்கள் சுகம். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். கையில் உறுதியாக ஒன்றும் இல்லாமல் உன்னிடம் பேச எனக்குத் தைரியம் இல்லை. இப்போது இருக்கிறது.

உட்கார்ந்து படி. பக்கத்தில் அந்த ஐலியை உட்காரவைத்துக்கொள்.

டோபியைச் சுட்டவன் யார் என்று தெரிந்துவிட்டது. பெயர் கர்டிஸ் மேப்ஸ். இந்த ஊர்க்காரன்தான், ஆற்றுத் தெரு. சின்ன வயதிலிருந்து திருட்டு, ஒரு முறை செப்புத் தகடு உரித்து உள்ளே போனவன். தன்னோடு குடித்தபோது அவன் உளறினான் என்று சிறையில் இருக்கும் ஒருவன் வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். ஆனால் கர்டிஸை நாங்கள் பிடிக்க முடியாது. டிசம்பர் முதல் வாரம் ஈரல் கெட்டுச் செத்துப்போனான். குற்றவாளி செத்துவிட்டால் வழக்கு தீர்ந்ததாக முடித்துவிடலாம், அதுதான் விதி. முடித்துவிட்டோம். ஊர்ப் பத்திரிகையிலும் வந்துவிட்டது, அந்தத் துண்டு இத்துடன்.

நீதிமன்றத்தில் அவன் முகத்தை நீ பார்க்க முடியாமல் போயிற்று. ஆனால் அவன் இனி முட்டை பொரித்துத் தின்னமாட்டான், ஆர்லீன். நீ தூங்கலாம்.

இன்னொன்று. மானியத்தின் முதல் வருட அறிக்கை இந்த மாதக் கடைசிக்குள் போக வேண்டும். நூறு வழக்கில் எத்தனை தீர்ந்தது என்று கேட்கிறார்கள், அதைப் பார்த்துத்தான் அடுத்த தவணை. நீ ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் நன்றாக இருக்கும். மகனைக் கொன்றவன் யார் என்று தெரிந்தது, உதவியவர்களுக்கு நன்றி, அவ்வளவு போதும். இருபத்தைந்தாம் தேதிக்குள் கிடைத்தால் நல்லது.

உன் அண்ணன்,
வெண்டல்

*

காப்பர் பாயிண்ட்
17 ஜனவரி 1997

என் அண்ணாவுக்கு,

என் வயிற்றில் பால் வார்த்தாய். நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும், அண்ணியும் நன்றாக இருக்க வேண்டும்.

படித்ததும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முந்நூறு பிள்ளைகளுக்குச் சூப் கொதித்துக்கொண்டிருக்கிறது, நான் கீழே உட்கார்ந்து ஊளையிடுகிறேன். ஐலி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்குப் பிள்ளைகள் ரொட்டியும் ஜாமும்தான் தின்றார்கள். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

அன்று படுத்தவள் காலையில் அலாரம் அடித்துத்தான் எழுந்தேன். டோபி போனதிலிருந்து அலாரம் அடித்து நான் எழுந்ததே இல்லை, அதற்கு முன்பே விழித்துக் கிடப்பேன். இப்போது தினமும் தூங்குகிறேன். வெட்கமாகக்கூட இருக்கிறது.

உன்மேல் எத்தனை கோபப்பட்டேன் தெரியுமா? எழுதாமல் இருக்கிறானே பாவி என்று ஐலியிடம் எத்தனை முறை புலம்பினேன். நீயோ ஓசைப்படாமல் வேலை பார்த்திருக்கிறாய். என்னை மன்னித்துக்கொள்.

நன்றிக் கடிதம் இத்துடன். ஒரு பக்கம் கேட்டாய், இரண்டு பக்கம் இருக்கிறது. டிடெக்டிவ் பெயர் தெரியாததால் இடம் விட்டிருக்கிறேன், நீயே நிரப்பிக்கொள்.

அந்தக் கர்டிஸுக்குத் தாய் இருக்கிறாளாமே. நீ அனுப்பிய பத்திரிகைத் துண்டில் படித்தேன். அவளுக்கும் நான் எழுதியிருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லாதே, தபாலில் போட்டாயிற்று.

உன் தங்கை,
ஆர்லீன்

*

காப்பர் பாயிண்ட்
17 ஜனவரி 1997

ஓபல் மேப்ஸுக்கு,

நலம் விசாரிக்க மாட்டேன். நான் டோபியின் தாய்.

இதில் அவன் படம் இருக்கிறது. பார். நன்றாகப் பார். சமையலறையில் மாட்டிவைத்துக்கொண்டு சோறு தின்னும்போதெல்லாம் பார். உன் வயிற்றில் பிறந்தது மனிதப்பிறவி இல்லை. அவன் மெத்தையில் படுத்துச் செத்தான், என் பிள்ளை சிமெண்ட் தரையில் செத்தான். பெற்றவளுக்குத் தெரியாமல் பிள்ளை கொலை செய்வானா? தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு அவனுக்குச் சாப்பாடு போட்டாய். நீ வெகுகாலம் வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். எதற்கு என்று உனக்கே தெரியும்.

ஆர்லீன் பெல்

*

ஆற்றுத் தெரு, கார்வெல்
11 பிப்ரவரி 1997

திருமதி ஆர்லீன் பெல் அவர்களுக்கு,

ஓபல் மேப்ஸ் எழுதுவது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும். எனக்கு இந்த மாதம் மார்புச் சளி, மற்றபடி ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. பதில் எழுதாமலே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள் வாயில் என்ன வராது? பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள். "நீ பேசாம இருந்தா ஆமான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், ஓபல். ஊரு ஏற்கெனவே அப்படித்தான் பேசுது" என்றாள்.

கர்டிஸ் திருடன்தான். அதை நான் மறைக்கமாட்டேன். என் கல்யாண மோதிரத்தையே திருடி விற்றவன். ஆனால் உங்கள் மகனை அவன் சுடவில்லை. அவனால் முடியாது. உங்கள் மகன் இறந்த அன்று கர்டிஸ் மாவட்ட ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு உடைந்து கிடந்தான். முந்தின நாள் பழைய பள்ளிக்கூடக் கூரையில் செப்புத் தகடு உரிக்க ஏறி விழுந்தான். ஆஸ்பத்திரியில் அவன் கையைக் கட்டிலோடு சேர்த்து விலங்கு போட்டிருந்தார்கள். போட்டது உங்கள் அண்ணனின் போலீஸ்காரர்கள்.

அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அவனுக்குக் கஞ்சி எடுத்துப் போயிருந்தேன். காவலுக்கு உட்கார்ந்திருந்த போலீஸ்காரப் பையனுக்கு வயர்லெஸில் செய்தி வந்தது. அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு, "எங்க தலைவரோட தங்கச்சி பையனாம். பெட்ரோல் பங்க்ல இருப்பானே, டோபி" என்று சொல்லி அழுதான். கர்டிஸும் அழுதான். "அந்தப் பையன் எனக்கு ஓசில காபி குடுப்பாம்மா" என்றான். இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை.

அவன்மீது பழி வந்ததும் நான் ஸ்டேஷனுக்குப் போனேன். உங்கள் அண்ணன் என்னை அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார், மரியாதையாகத்தான் பேசினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஓபல், அவன் போயிட்டான். இனிமே அவனுக்கு இதனால என்ன கஷ்டம்? விட்டுடு" என்றார். அவனுக்குக் கஷ்டம் இல்லைதான். அவன் கல்லறையில் கல் வைக்க இன்னும் காசு சேரவில்லை, மரச்சிலுவைதான் நட்டிருந்தேன். அதை யாரோ பிடுங்கி எறிந்துவிட்டார்கள். சர்ச் சமையலறையில் என்னோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்க இப்போது யாரும் வருவதில்லை.

உங்கள் மகன் படத்தைத் திருப்பி அனுப்புகிறேன். என் வீட்டில் அது இருப்பது சரியில்லை. நல்ல முகம்.

ஓபல் மேப்ஸ்

*

காப்பர் பாயிண்ட்
16 பிப்ரவரி 1997

அண்ணா,

டோபி இறந்த அன்று கர்டிஸ் மேப்ஸ் எங்கே இருந்தான்?

இது ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது.

ஆர்லீன்

*

கார்வெல்
19 மார்ச் 1997

ஆர்லீன்,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நோரீனுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆயிற்று, நடக்கிறாள்.

ஒரு மாதமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் பொய் சொல்லப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தான். எங்கள் காவலில் இருந்தான். எனக்குத் தெரியும்.

நீ காறித் துப்புவதற்கு முன் நான் சொல்வதைக் கேள். டோபியின் சவப்பெட்டியை முன்னால் பிடித்துத் தூக்கியவன் நான். தேடாமல் இருந்தேன் என்று நினைத்தாயா? முதல் வருடம் முழுக்கத் தேடினேன். நீல ட்ரக்குக்காக மூன்று மாவட்டம் அலைந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கப் போவதும் இல்லை. அதை உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு நெஞ்சுரம் இல்லை.

டிடெக்டிவ் யாரும் இல்லை. அந்தப் பணியிடத்தை விண்ணப்பத்தில் எழுதினேன், எழுதும்போது மனதாரத்தான் எழுதினேன். பணம் வந்ததும் நகரமன்றம் ரோந்துக்கு ஆள் போடு, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி செய் என்றது. வருடக் கடைசியில் பார்த்தால் தீர்ந்த வழக்குகள் போதவில்லை. வாஷிங்டன் அடுத்த தவணையைக் குறைத்தால் பத்துக் குடும்பம் தெருவில் நிற்கும். அப்போது கர்டிஸ் செத்தான். சிறையில் கிடப்பவன் தண்டனை குறையும் என்றால் எதையும் சொல்லுவான். செத்தவனுக்கு என்ன நஷ்டம்? அவன் ஒன்றும் புனிதன் இல்லையே. இப்படிப் பழைய வழக்குகள் நான்கை முடித்தோம். எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

உன்னையும் நினைத்தேன், ஆர்லீன். பத்து வருடம் கழித்தும் நீ விழித்துக் கிடப்பதைவிட ஒரு பெயர் கிடைத்துத் தூங்குவது மேல் என்று நினைத்தேன். தூங்குகிறேன் என்று நீயே எழுதினாய். அதைப் படித்து நான் எப்படிச் சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது. அந்தக் கிழவி மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நீ இன்றும் தூங்கிக்கொண்டிருப்பாய். நான் செய்ததில் பாதி உனக்காகத்தான்.

இரண்டாம் தவணை வந்துவிட்டது. ஏப்ரல் கடைசியில் நகரமன்றத்தில் அறிக்கை வைக்கிறோம், வாஷிங்டனிலிருந்தும் ஒருவர் வருகிறார். நீ இப்போது கிளறினால் பணம் போகும், பத்துப் பேர் வேலை போகும், என் வேலையும் போகும். டோபி வழக்கை எடுத்துப் பார்க்க இந்த ஊரில் ஆளே இருக்கமாட்டான். கொஞ்சம் நிதானமாக யோசி. நாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

வெண்டல்

*

காப்பர் பாயிண்ட்
12 ஏப்ரல் 1997

போலீஸ் தலைவர் வெண்டல் ஸ்ட்ரௌட் அவர்களுக்கு,

யோசித்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன். நீ ஒரு மாதம் எடுத்துக்கொண்டாய், நான் அதைவிடக் கொஞ்சம் குறைவாக.

நீ தேடிக் கிடைக்கவில்லை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் உன்மேல் பாத்திரத்தை எறிந்திருப்பேன், கத்தியிருப்பேன், ஆறு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். பிறகு பேசியிருப்பேன். அண்ணன் தங்கை என்றால் அவ்வளவுதானே. நீ என்ன செய்தாய்? என் பிள்ளையைக் காட்டிப் பணம் வாங்கினாய். பணம் தீர்ந்துவிடும் போலிருந்ததும் அவனை இரண்டாவது முறை காட்டினாய். இரண்டு முறையும் என் கையாலேயே எழுத வைத்தாய். கூட்டிக் கொடுக்கிறவன்கூட ஆளைக் கேட்டுத்தான் கொடுப்பான் என்று ஐலி சொன்னாள். நான் அவளைத் தடுக்கவில்லை.

தூங்கினேன், ஆமாம். ஒரு பாவப்பட்ட பெண்ணின் பிள்ளையைப் பேய் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நீ கொடுத்தாய், அதில் விழுந்து நான் என்னவெல்லாம் எழுதினேன்! ஓபல் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் "நல்ல முகம்" என்று எழுதி என் மகன் படத்தைத் திருப்பி அனுப்பினாள். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. உனக்கு ஒன்றும் ஆகவில்லை, அவளை உட்காரவைத்து மரியாதையாகப் பேசி அனுப்பிவிட்டாய்.

பத்துப் பேர் வேலை போகும் என்கிறாய். போகலாம். அவர்கள் வீட்டுப் பெண்கள் என்னைச் சபிப்பார்கள், சபிக்கட்டும். கர்டிஸ் கையில் விலங்கு மாட்டியவன் அந்தப் பத்துப் பேரில்தானே இருக்கிறான்? ஆஸ்பத்திரியில் அழுத பையனும் இருக்கிறானா? பத்திரிகையில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு ஒருவன்கூட வாயைத் திறக்கவில்லையே. டோபியின் வழக்கை எடுத்துப் பார்க்க ஆள் இருக்கமாட்டான் என்று பயமுறுத்துகிறாய். இப்போது யார் பார்க்கிறார்கள், சொல்.

மானியக்காரர்களுக்கு எழுதிவிட்டேன். என் இரண்டு கடிதங்களையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதினேன். முதல் கடிதத்தில் எழுதியதெல்லாம் உண்மை. ஆனால் வராத டிடெக்டிவைக் காட்டி நீ அதை வாங்கிய வழி சரியில்லை.

ஓபலுக்கும் எழுதினேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதவே வெட்கமாக இருந்தது, எழுதினேன். ஒரு வாரத்தில் பதில் போட்டாள். நகரமன்றக் கூட்டத்துக்கு வருகிறாயா, வந்தால் தங்க என் வீட்டில் சோபாதான் இருக்கிறது, ஸ்பிரிங் குத்தும், பரவாயில்லையா என்று கேட்டிருந்தாள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன்.

கூட்டத்தில் ஊர்க்காரர்கள் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்களாம். ஓபல் தன் பெயரையும் என் பெயரையும் சேர்த்தே கொடுத்துவிட்டாள். கர்டிஸைப் பற்றி அவள் பேசுவாள். நான் சொல்லப் போவது சின்ன விஷயம். என் மகனைக் கொன்றவன் யார் என்று எனக்குத் தெரியாது. கார்வெல் போலீஸுக்கும் தெரியாது. தெரியும் என்று அறிக்கையில் எழுதியிருப்பது பொய், எழுதியவன் என் அண்ணன்.

கூட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் என் பஸ் அங்கே வருகிறது. நிலையத்துக்கு நீ வர வேண்டாம். ஓபல் வருகிறாள்.

டோபியின் அம்மா,
ஆர்லீன் பெல்